புல்வெட்டும் ரோபோ கண்டதில் மோதுகிறதா, இல்லாததற்கு ஒதுங்குகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

ரோபோ புல்வெட்டி ஒரு பூந்தொட்டியில் போய் மோதியதும் பெரும்பாலானவர்கள் செய்வது, கைப்பேசியில் ரோபோவின் ஆப்பைத் திறந்து தடை தவிர்க்கும் அளவை உச்சத்துக்கு ஏற்றுவது. நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். மோதல் நின்றது. ஆனால் இரண்டே வாரத்தில் புல்தரையின் ஒரு மூலை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, ரோபோ அந்தப் பக்கமே போகவில்லை. அளவை ஏற்றுவதும் இறக்குவதும் கடைசியில் செய்ய வேண்டியது. முதலில், ரோபோவின் எந்தப் புலன் தவறியது என்று தெரிய வேண்டும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்தரை, ஒரு பிளம்ஸ் மரம், பிள்ளைகளின் ஊஞ்சலும் சறுக்கும். முதலில் புல்தரையைச் சுற்றிப் புதைத்த எல்லைக் கம்பியை வைத்து ஓடும் ரோபோ வைத்திருந்தோம், இப்போது கேமராவும் செயற்கைக்கோள் வழிகாட்டலும் உள்ள ஒன்று. இங்கே தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலரிடமும் இது வந்துவிட்டது. கூப்பிட்டால் போய்ப் பார்த்துக் கொடுப்பேன். அப்படிப் பார்த்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று புலன்கள்

ஒன்று, தொடு உணர்வு. பல ரோபோக்களில் மேல்மூடி அடிச்சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்காது. ரப்பர் தாங்கிகளின் மேல் மிதந்தபடி இருக்கும். மூடியில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு நேர் கீழே சட்டத்தில் ஒரு ஹால் சென்சார், அதாவது காந்தத்தை உணரும் சென்சார். எதிலாவது இடித்தால் மூடி கொஞ்சம் நகரும், காந்தம் விலகும், ரோபோ பின்வாங்கித் திரும்பும். வேறு சிலவற்றில் முன்பக்கம் மட்டும் ஒரு பம்பர் இருக்கும். இதோடு, தூக்கினாலோ அதிகம் சாய்ந்தாலோ பிளேடை நிறுத்தும் சென்சார்களும் உண்டு.

இரண்டு, பார்வை. அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியில் தடையை அறிவது), கேமரா, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளப்பது) என்று மாடலுக்கு மாடல் மாறும். பழைய, விலை குறைந்த ரோபோக்களில் இது கிடையவே கிடையாது. அவை தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்த வகை நாற்காலிக் காலில் மெல்ல இடித்துத் திரும்பினால் அது கோளாறு அல்ல, அதன் இயல்பே அதுதான். உங்களுடையது எந்த வகை என்று மேனுவலில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்று, இடவறிவு. தான் எங்கே நிற்கிறோம், எங்கே போகக் கூடாது என்ற அறிவு. மண்ணில் புதைத்த எல்லைக் கம்பியிலிருந்தோ, செயற்கைக்கோளிலிருந்தோ, தானே வரைந்துகொண்ட வரைபடத்திலிருந்தோ இது வரும். பூப்பாத்திக்குள் ரோபோ புகுந்தால் "கண் தெரியவில்லை" என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் இந்த மூன்றாவதன் தவறு.

கை வைப்பதற்கு முன்

மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆப்பில் நிறுத்தினால் போதாது. தடித்த கையுறை போடுங்கள். பிளேடுகள் சவர பிளேடு அளவுதான் இருக்கும், வெட்டினால் ஆழமாக வெட்டும். கவிழ்க்கும்போது கேமரா கண்ணாடி தரையில் உரசாமல் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். காரைக் கழுவும் உயர் அழுத்தக் குழாயை எந்த ரோபோ மேலும் காட்ட வேண்டாம், தண்ணீர் சீல்களைத் தாண்டி உள்ளே போய்விடும்.

சோதித்துப் பார்க்க ஒரு காலி அட்டைப்பெட்டி போதும், முழங்கால் உயரத்துக்கு. ரோபோவின் பாதையில் வைத்துவிட்டு நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கையையோ காலையோ நீட்டிச் சோதிக்கவே வேண்டாம். சோதிக்கும் நேரத்தில் பிள்ளைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும். ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கண்ணாடியைத் துடைத்து, அளவையும் ஏற்றி, பெட்டியையும் நகர்த்திவிட்டால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிறது, ஒதுங்குகிறது, வளைந்து போகிறது

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். இதற்கு முதலில் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். எங்கே ஒதுங்கியது, மணி என்ன, எந்தத் திசை பார்த்து ஓடிக்கொண்டிருந்தது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள்.

எல்லா நேரமும் ஒரே இடத்தில் ஒதுங்கினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. நமக்கு அது தடையாகத் தெரியாது, அவ்வளவுதான். குனிந்து ரோபோவின் கண் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தாழ்ந்து தொங்கும் ரோஜாக் கிளை, வேலி ஓரத்தில் சாய்ந்த புல், தண்டு நீண்டு விதைப்பஞ்சு ஏந்தி நிற்கும் டான்டிலயன் எல்லாம் அந்த உயரத்தில் மதில் போலத் தெரியும். அல்ட்ராசோனிக் உள்ள ரோபோவுக்கு உயரமான அடர்ந்த புல்லும் ஒலியைத் திருப்பி அனுப்பும் ஒரு பொருள்தான்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே திசை பார்த்து ஓடும்போது மட்டும் ஒதுங்கினால் காரணம் பெரும்பாலும் வெயில். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருக்கும்போது கேமராவுக்கு நேராக அடிக்கும். மரத்தின் நீண்ட நிழல் ஓரங்களும் சில கேமராக்களைக் குழப்பும். நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஓடவிட்டு ஒதுங்குவது நின்றால் கருவியில் பழுது இல்லை.

எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒதுங்கினால் கண்ணே அழுக்காக இருக்கிறது. பனித்துளி, காய்ந்த புல் சாறு, அல்ட்ராசோனிக் முகப்பில் சிலந்தி வலை. இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே இரவில் வலை பின்னிவிடும், காலையில் அதன் மேல் பனி கோத்திருக்கும். ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் நார் வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்தால் அந்தக் கீறலே நிரந்தரத் தடை.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. ரோபோ ஓர் இடத்தை ஒருமுறை ஒதுக்குகிறது. வெட்டாததால் அங்கே புல் வளர்கிறது. வளர்ந்த புல்லே அடுத்த முறை தடையாகிறது. முதலில் ஒதுங்கக் காரணமாக இருந்த பந்தையோ வாளியையோ நீங்கள் என்றோ எடுத்திருப்பீர்கள், ஆனாலும் ரோபோ அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அமைப்புகளை எவ்வளவு நோண்டினாலும் இது தீராது. அந்த இடத்தை ஒருமுறை கையால் தள்ளும் மெஷினிலோ கத்தரியிலோ வெட்டிவிடுங்கள். அப்புறம் ரோபோவின் வெட்டு உயரத்தை முதல் வாரம் கூட்டி வைத்து, படிப்படியாக இறக்குங்கள். விடுமுறைக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது தோட்டம் முழுவதுக்குமே இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

அறிகுறி: பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் மோதுகிறது

முதலில் ஆப்பில் தடை தவிர்ப்பு உண்மையில் இயங்குகிறதா என்று பாருங்கள். மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு அமைப்பு மாறியிருந்ததை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். சில ரோபோக்களில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. முன்தோட்டத்தில் போட்டிருப்பீர்கள், பின்தோட்டத்தில் இல்லாமல் இருக்கும்.

அமைப்பு சரி, கண்ணாடியும் சுத்தம் என்றால் அட்டைப்பெட்டியை வையுங்கள். பெட்டியைக் கண்டு ஒதுங்கினால் கண் வேலை செய்கிறது. அப்படியானால் மோதிய பொருளில்தான் விஷயம். அதன் உருவத்தைப் பாருங்கள்.

உயரம் குறைந்தவை: தோட்டக் குழாய், செருப்பு, பிள்ளைகளின் மண்வெட்டி. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருப்பதை ரோபோ புல்லோடு சேர்த்தே கணக்கில் எடுக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புல் கொத்துக்கும் நின்றுகொண்டிருக்கும். இதற்கு அமைப்பில் தீர்வு தேட வேண்டாம். ஓட்டும் முன் பொறுக்கி எடுப்பதுதான் வழி. தட்டையாகக் கிடக்கும் மின் வயரை மட்டும் ஒருநாளும் விட்டுவைக்காதீர்கள்.

மெல்லியவை: ஊஞ்சல் சங்கிலி, கம்பி வேலி, இரும்பு நாற்காலியின் கால். இவற்றிலிருந்து திரும்பும் ஒலி மிகக் குறைவு. கேமராவிலும் ஒரு கோடாகத்தான் விழும்.

சாய்ந்தவை: எங்கள் வீட்டுச் சறுக்குதான் இதை எனக்குக் கற்றுத் தந்தது. சாய்வான பரப்பில் பட்ட ஒலி, வந்த வழியே திரும்பாமல் மேல்நோக்கிப் போய்விடுகிறது. ரோபோவுக்கு அங்கே வெளி இருப்பதாகத்தான் படுகிறது. சறுக்கின் அடியில் நேராக நுழைந்து ஆப்பு அடித்தது போலச் சிக்கிக்கொள்ளும். தாழ்ந்த சாய்வு நாற்காலிகளிலும் இதே கதைதான். கால்களைப் பார்த்து நடுவே புகும், மேலே இருக்கும் இருக்கையில் முதுகு இடிக்கும். இந்த இடங்களுக்கு ஆப்பில் ஒரு தடைப்பகுதி, அதாவது ரோபோ நுழையக் கூடாத பகுதி, வரைந்துவிடுங்கள்.

கண்ணாடி: பசுமைக்குடிலின் கண்ணாடிச் சுவரும் வரவேற்பறையின் பெரிய கண்ணாடிக் கதவும் கேமராவையும் லைடாரையும் ஏமாற்றும். ஒளி ஊடுருவிப் போகும், அல்லது தோட்டத்தின் பிம்பத்தையே திருப்பிக் காட்டும். தரையிலிருந்து அரையடி உயரத்துக்கு ஒட்டுத்தாள் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மோதிய தடம் பூந்தொட்டியின் முன்பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிறதா? அப்படியானால் ரோபோ நேராக வந்து மோதவில்லை. நின்ற இடத்தில் திரும்பும்போது வால்பகுதி வீசி இடித்திருக்கிறது. பெரும்பாலான ரோபோக்களின் கண் முன்னால் மட்டும்தான். தொட்டியை நகர்த்துங்கள், அல்லது அதைச் சுற்றி ரோபோவின் நீளத்துக்கு இடம் விட்டுத் தடைப்பகுதி போடுங்கள்.

பெட்டியிலும் மோதுகிறது, கண்ணாடி சுத்தம், அமைப்பும் சரி என்றால் சென்சாரே போயிருக்கலாம். அது சர்வீஸ் வேலை.

அறிகுறி: மோதல் சென்சார் கோளாறு என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது

ரோபோ நடுத் தோட்டத்தில் எதுவும் இல்லாமல் பின்னால் வரும், திரும்பும், மறுபடி பின்னால் வரும், கடைசியில் நின்றுவிடும். அதாவது தான் எதன் மேலோ இடித்துக்கொண்டே இருப்பதாக நினைக்கிறது. தொடு உணர்வு "இடித்த" நிலையிலேயே சிக்கியிருக்கிறது.

சுவிட்சை அணைத்து, மூடியை முன், பின், இடம், வலம் என நான்கு பக்கமும் கையால் தள்ளிப் பாருங்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்து, விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மந்தமாகத் திரும்பினால் அந்தப் பக்கத்து மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஈரப்புல் அடைத்துக் கெட்டியாகியிருக்கும். மூடியைக் கழற்ற மேனுவலில் வழி சொல்லியிருந்தால் அதன்படி கழற்றி, தூரிகையால் தட்டி எடுங்கள். ரப்பர் தாங்கிகள் கிழிந்தோ தளர்ந்தோ இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூடியைத் திரும்பப் பூட்டும்போது ஒரு மூலை சரியாக அமராமல் போவதும் இதே செய்தியைக் கொண்டுவரும். குளிர்காலம் முடிந்து வெளியே எடுத்த முதல் நாள் இந்தச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த மூலைகளைத்தான்.

மூடி நன்றாகத் துள்ளுகிறது, ஆனாலும் செய்தி வருகிறதா? தரையைப் பாருங்கள். எலியோ, மண்ணுக்கடியில் வளை தோண்டும் மோல் என்ற சிறு விலங்கோ தோண்டிய மேடு, பள்ளம் இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூடி ஆடும். மண் போட்டு நிரப்புங்கள்.

அறிகுறி: மர வேரில் ஏறி நிற்கிறது

பிளம்ஸ், செர்ரி மரங்களின் வேர் தரைக்கு மேலே மெல்லச் சாய்ந்து எழும். நிமிர்ந்த சுவரில் இடித்தால் ரோபோவுக்குத் தெரியும். சாய்ந்த வேரில் இடிப்பதற்குப் பதில் ஏறிவிடும். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும், தூக்கப்பட்டதாக நினைத்து நின்றுவிடும். பிளேடும் வேரில் பட்டு மழுங்கும். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதை நம்ப வேண்டாம். மரத்தடியைத் தடைப்பகுதியாக விட்டுவிடுங்கள். எல்லைக் கம்பி ரோபோ என்றால் மரத்தைச் சுற்றிக் கம்பியை வளையமாகக் கொண்டுபோய்த் தீவு போடுங்கள். அசையாத, சுமார் 15 சென்டிமீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பொருளுக்குத் தீவு தேவைப்படாது. அதைவிடத் தாழ்ந்ததற்கும் சாய்ந்ததற்கும் தேவை.

அறிகுறி: போகக் கூடாத பாத்திக்குள் போகிறது

செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடுவது என்றால் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். எல்லாப் பாத்திகளிலும் ஒரே திசையில், ஒரே தூரம் தள்ளிப் போகிறதா? தெற்குப் பாத்திக்குள் ஒரு சாண் புகுகிறது, வடக்கு ஓரத்தில் அதே ஒரு சாண் வெட்டாமல் விடுகிறது என்றால் முழு வரைபடமும் நகர்ந்திருக்கிறது. ஆர்டிகே (RTK) என்ற துல்லியச் செயற்கைக்கோள் முறையில் ரோபோ தன் இடத்தைத் தோட்டத்தில் நட்ட ஆன்டெனாவை வைத்துத்தான் கணக்கிடுகிறது. காற்றிலோ பந்து பட்டோ ஆன்டெனாக் கம்பம் ஒரு சாண் நகர்ந்தால் உலகமே ஒரு சாண் நகரும். கம்பத்தைப் பழைய இடத்தில் நட்டு இறுக்குங்கள். பழைய இடம் தெரியாவிட்டால் வரைபடத்தைப் புதிதாகப் போடுங்கள்.

தவறு ஒரு மூலையில் மட்டும், மரத்தடியிலோ உயரமான சுவர் ஓரத்திலோ என்றால் அங்கே வானம் மறைகிறது. ஆர்டிகே நன்றாக இயங்கும்போது சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். இலைக் கூரையின் கீழ் அது சிதறும். மார்ச் மாதம் மரம் மொட்டையாக இருக்கும்போது வரைபடம் போட்டு, ஜூனில் இலை நிறைந்த பிறகு கோளாறு தொடங்குவது இந்த ஊர்களில் சகஜம். அந்த ஓரத்தில் எல்லையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக் கம்பியில் ஓடுவது என்றால் தீவு போட்ட விதத்தைப் பாருங்கள். பாத்திக்குப் போகும் கம்பியும் திரும்பி வரும் கம்பியும் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும், ரோபோ அந்த இணையைத் தாண்டிப் போகும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுவிட்டால் தோட்டத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுந்துவிடும், ரோபோ அதைத் தாண்டாது. தீவைச் சுற்றும் திசை தவறினாலோ உள்ளே, வெளியே என்ற கணக்கே தலைகீழாகும். மேனுவலில் படம் இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் விட வேண்டிய தூரம் பொதுவாக 30 முதல் 35 சென்டிமீட்டர்.

அறிகுறி: குறுகிய வழியில் போக மறுக்கிறது

இரண்டு பக்கத் தடையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த வழியில் மட்டும் தடை அளவைக் குறைக்க ஆப்பில் இடம் இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் ஓரத்துச் செடிகளை வெட்டி வழியை அகலமாக்குங்கள்.

அறிகுறி: காலையில் புல்லில் காயம்பட்ட முள்ளெலி

இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஐரோப்பிய முள்ளெலி இரவில் திரியும். ஆபத்து வந்தால் ஓடாது, அசையாமல் நிற்கும், சுருண்டுகொள்ளும். கேமரா இருட்டில் சரியாகப் பார்க்காது, முள்ளெலியோ தாழ்வானது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் இறந்த முள்ளெலிகளை வைத்து 18 ரோபோ மாடல்களைச் சோதித்தார்கள். எல்லாமே முள்ளெலியைத் தொட்ட பிறகுதான் உணர்ந்தன. 200 கிராமுக்குக் குறைவான குட்டியை ஒன்றுகூட உணரவில்லை. அதற்குப் பிறகு வந்த மாடல்கள் மேம்பட்டிருக்கலாம். அதை நம்பி ஓர் உயிரை வைத்து நான் சோதிக்க மாட்டேன்.

கொலோன் நகரம் 2024 அக்டோபரில் ரோபோ புல்வெட்டிகளை இரவில் ஓட்டத் தடை விதித்தது. அதே மாதம் இந்த முள்ளெலி இனம் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊரில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆப்பில் நேரத்தைப் பகலுக்குப் பூட்டிவிடுங்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ரோபோ சார்ஜிங் நிலையத்தில் இருக்க வேண்டும், விடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். வேலி ஓரத்து நீண்ட புல்லைக் கையால் வெட்டும் முன் கம்பால் விலக்கிப் பாருங்கள், பகலில் அங்கேதான் தூங்கும். காயம்பட்டதைக் கண்டால் துணி விரித்த பெட்டியில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரையோ முள்ளெலிக் காப்பகத்தையோ கூப்பிடுங்கள். பால் கொடுக்கக் கூடாது.

தவழும் குழந்தைக்கும் புல்லில் படுத்து விளையாடும் பிள்ளைக்கும் இதே கணக்குதான். தடை தவிர்ப்பு எவ்வளவு நன்றாக இயங்கினாலும், பிள்ளைகள் வெளியே இருக்கும்போது எங்கள் ரோபோ ஓடாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

"மோதுகிறது" என்று மட்டும் சொன்னால் சுத்தம் செய்து திருப்பித் தந்துவிடுவார்கள். பெட்டிச் சோதனையைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கோளாறுச் செய்தி வந்த தேதி, நேரம், மென்பொருள் பதிப்பின் எண், நீங்கள் குறித்து வைத்த இடமும் திசையும் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். பிளேடு மாற்றியாகிவிட்டதா என்றும் கேட்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், உயரமாக விட்டுவைக்கும், விட்டுவைத்த புல்லைக் கண்டு ரோபோ மறுபடி ஒதுங்கத் தொடங்கும்.